செள்ளு உதிராத வாய்

நாமக்கல்லை விட்டு மோகனூர்ப் பக்கம் போகும் சாலையில் இருக்கிற பொன்னரசு முட்டைப் பண்ணையின் குடியிருப்பில் முப்பத்திரண்டு வீடுகள் உண்டு. அந்த முப்பத்திரண்டு வீடுகளிலும் ஒரு கோழி கிடையாது, ஒரு புறா கிடையாது, வாலாட்டுவதற்கு ஒரு நாய்கூடக் கிடையாது, ஏனென்றால் மூன்று லட்சம் கோழிகளைக் கூண்டில் வைத்திருக்கும் பண்ணைக்கு வெளியிலிருந்து வரும் ஒரே ஓர் இறகு போதும், ஒரே வாரத்தில் மூன்று லட்சமும் கழுத்தைத் தொங்கப் போட்டுவிடும் என்று அங்கே பால் மறக்காத பிள்ளைக்கும் தெரியும். வேலைக்குச் சேருகிற அன்றே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கோழி, வாத்து, வான்கோழி, புறா, கிளி, நாய், பூனை, இந்த ஏழில் எதையும் வளர்க்க மாட்டேன் என்று அந்தத் தாள் சொல்லும். மீறினால் வேலையும் போகும், வீடும் போகும்.

அந்தத் தாளில் சிலந்தி இல்லை. தீவன ஆலையின் ஆய்வகத்தில் மக்காச்சோளத்துக்கு ஈரம் பார்க்கும் சுகந்தி, ஆறு வருஷத்துக்கு முன்னால் தாவணகெரே லோடில் ஒரு மூட்டையின் வாயில் நகத்தளவுக்கு உட்கார்ந்திருந்த ஒன்றைப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அது வளர்ந்து, சட்டை உரித்து, மறுபடி வளர்ந்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு டரான்டுலாச் சிலந்தி ஆயிற்று. கறுப்பும் சாம்பலுமாக, தொட்டால் புது ரவிக்கைத் துணி மாதிரி இருந்ததால் பட்டு என்று பேர் வைத்தாள். பெரிய பிளாஸ்டிக் டப்பா, மூடியில் காற்றுக்குத் துளைகள், உள்ளே தேங்காய் நார்த்தூள் மண், ஒளிந்துகொள்ள உடைந்த பூந்தொட்டியில் ஒரு பாதி, தண்ணீருக்கு ஒரு சோடா மூடி. தீனிக்குச் சுவர்க்கோழிப் பூச்சி பிடித்துப் போடுவாள். பெயரிலே கோழி இருக்கிறதே என்று யாரோ மேலாளரிடம் கோள் சொல்ல, மேலாளர் சபாபதி அந்தத் தாளை எடுத்து மேலிருந்து கீழே படித்துப் பார்த்துவிட்டு, சுவர்க்கோழியும் இதில் இல்லை, சிலந்தியும் இதில் இல்லை, போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

சுகந்திக்கு வேறு யாருமில்லை. லாரி ஓட்டப் போன புருஷன், லாரி திரும்பி வந்த பிறகும் வரவில்லை. இருக்கிற ஒன்றரை அறை பண்ணை கொடுத்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அசைகிற ஜீவன் என்று இருப்பது பட்டு ஒன்றுதான். அவளுடைய ஈரப் பதிவேட்டில் பதினொரு வருஷமாக ஒரு தப்பு கண்டதில்லை என்பது பண்ணையில் எல்லோரும் சொல்லுகிற சொல். மக்காச்சோளத்தில் பதின்மூன்று சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் லோடைத் திருப்பி அனுப்பிவிடுவாள். டிரைவர்கள் அவளை மனசுக்குள் திட்டுவார்கள், நேரில் அக்கா என்பார்கள்.

அப்படிப்பட்டவள் ஐப்பசி மாத மழை நாள் ஒன்றில் தப்பு செய்தாள். காலையில் கிளம்பும்போது பட்டு டப்பாவுக்குள் மல்லாக்கப் படுத்துக் கால்களை மேலே தூக்கியிருந்தது. தெரியாதவர்கள் செத்துவிட்டது என்பார்கள், தெரிந்தவர்களுக்கு அது சட்டை உரிக்கப் போகிறது என்று புரியும். உரிக்கும்போது காற்றில் ஈரம் குறைந்தால் தோல் காலில் சிக்கி உயிரே போய்விடும் என்று பயந்து, மண்ணில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள், ஆனால் மனசு போகவில்லை. மத்தியானம் ஒரு லோடு வந்தது. ஆறு இடத்தில் குத்தி ஆறு மாதிரி எடுத்து ஆறையும் மெஷினில் போட வேண்டும். ஒன்றைப் போட்டாள், பன்னிரண்டு காட்டியது. மீதி ஐந்தையும் பார்க்காமலே, பதிவேட்டில் பன்னிரண்டு, பன்னிரண்டரை, பன்னிரண்டு என்று கை போன போக்கில் எழுதிவிட்டு, மழையில் குடைகூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினாள். பட்டு அப்போதுதான் பழைய தோலிலிருந்து கடைசிக் காலை உருவிக்கொண்டிருந்தது. சுகந்தி சத்தம் போட்டு அழுதாள், சந்தோஷத்தில்.

அந்த மக்காச்சோளம் அரைபட்டு ஆறாம் கொட்டகையின் தீவனத் தொட்டிக்குப் போனது. எட்டாம் நாள் கோழிகள் சாக ஆரம்பித்தன. ஒரு நாள் நாற்பது, மறுநாள் நூறு, அதற்கு மறுநாள் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். சுகந்தி ஆய்வகத்துக்குப் போய்க் காத்திருந்தாள். யாரும் இல்லாத நேரத்தில், அந்த லோடிலிருந்து எடுத்து வைத்திருந்த மற்ற ஐந்து மாதிரிப் பாட்டில்களையும் மெஷினில் போட்டாள். பதினேழரை. ஒன்று மாற்றி ஒன்று, ஐந்துமே பதினேழரை. ஈர மக்காச்சோளத்தில் பூஞ்சணம் பிடித்தால் கோழியின் ஈரல் என்ன ஆகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தப் பண்ணையில் இல்லை. பாட்டில்களைச் சாக்கடையில் கவிழ்த்தாள், கழுவினாள், கவிழ்த்து வைத்தாள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த மக்காச்சோளத்தைக் கோழிகள் முழுக்கத் தின்று தீர்த்திருந்தன, பதிவேடு சுத்தமாக இருந்தது. ஆகவே தீவனத்தில் குறை இல்லை, நோய் வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது, யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பண்ணை முடிவு கட்டியது. யார் என்பதுதான் பாக்கி.

அந்த வாரத்தில்தான் பட்டுவின் டப்பாவில் செள்ளு வந்தது. செள்ளு என்றால் கோழிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை; கோழியின் இறகுக்கடியில் ஊர்கிற பொடிப் பூச்சி. இது அந்த ஜாதி இல்லை, வெள்ளை, ரவையை விடப் பொடி. சட்டை உரித்த களைப்பில் பட்டு தின்னாமல் விட்ட பாதிச் சுவர்க்கோழியைச் சுற்றி, கூடுதலாக ஊற்றிய தண்ணீரின் ஈரத்தில் மாவு தூவினாற்போல ஊர்ந்துகொண்டிருந்தது. மிச்சமும் ஈரமும் இருக்கிற இடத்தில் அது வரும், கொண்டுவர ஆள் வேண்டாம். அடுத்த நாள் அது பட்டுவின் வாயைச் சுற்றியும் வயிற்றுக்கடியில் மூச்சு விடும் பிளவிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அதற்கும் அடுத்த நாள் குழாயடியில், மேஸ்திரி பெஞ்சாதி பழனியம்மாளின் இரண்டு கடைவாயிலும் வெள்ளையாக ஏதோ இருந்தது. துடைத்தாள், மறுபடி வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஊர்கிறது. கூசவில்லை, கடிக்கவில்லை, உட்கார்ந்திருந்தது. மூன்று நாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தவள், நான்காம் நாள் சோறு போடும்போது தாங்க மாட்டாமல் புருஷனிடம், "ஓடிப்போன புள்ளைகூட நான் ஒரு வருசமா போன்ல பேசிட்டுத்தான் இருக்கேனுங்க" என்று சொல்லிவிட்டாள். சொல்லி முடிக்கிற நேரம் கடைவாயிலிருந்த செள்ளு மொத்தமும் சலித்த மாவு மாதிரி உதிர்ந்து அவள் மடியில் விழுந்து, ஊர்ந்து, கதவிடுக்கு வழியாக வெளியே போயிற்று. மேஸ்திரி வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நல்லா இருக்குதா புள்ள?" என்று கடைசியில் கேட்டார்.

இப்படியாகச் செள்ளின் சட்டம் குடியிருப்புக்குத் தெரிந்துபோயிற்று. தின்னாமல் விட்ட பூச்சியைத் தின்னும் ஒன்று, சொல்லாமல் விட்ட பேச்சைத் தின்ன வருவதில் அங்கே யாருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை. கோழிக்கு இறக்கைக்கடியில் வரும், மனுஷனுக்கு வாயில் வருகிறது, அவ்வளவுதான். ஆச்சரியப்படுவதற்கு நேரம் எங்கே இருந்தது? ஒருவர் வாயை ஒருவர் பார்க்கவே பொழுது சரியாக இருந்தது. சாப்டாச்சுங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பேச்சே இல்லாமல் முதலில் உதட்டைப் பார்த்தார்கள், பிறகு கண்ணைப் பார்த்தார்கள், பிறகு வேறு பக்கம் பார்த்தார்கள். கொட்டகைக்குள் போட்டுக்கொள்ளும் முகமூடியை வீட்டிலும் போட்டுக்கொண்டவர்கள் மேல் சந்தேகம் வர, குடியிருப்புக்குள் முகமூடி கூடாது என்று மேலாளர் சுற்றறிக்கை ஒட்டினார். வெற்றிலை போடுகிறவர்கள் அது சுண்ணாம்பு என்று சாதித்தார்கள். ஊர்கிற சுண்ணாம்பை எந்தக் கடையில் வாங்குகிறீர்கள் என்று மற்றவர்கள் கேட்டார்கள். விடிந்ததும் குழாயடியில் நின்று சின்னச் சின்ன உண்மைகளைச் சொல்லி வாயைச் சுத்தம் செய்துகொள்கிற பழக்கம் வந்தது. உன் குடத்தை உடைத்தது நான்தான், உன் மருமகளைப் பற்றி அன்றைக்கு அப்படிச் சொன்னது நான்தான் என்று ஒவ்வொருத்தியாக உதிர்த்துவிட்டுத் தண்ணீர் பிடித்துப் போனார்கள். அதன் பிறகு அந்தக் குடத்துக்காரியும் இவளும் பேசிக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். கொட்டகை வாசலில் கால் நனைத்துப் போக வைத்திருக்கும் மருந்துத் தொட்டி மாதிரி வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு தட்டில் மஞ்சள் தண்ணீர் வைத்தார்கள். யாரும் யார் வீட்டுக்கும் போகாததால் அது அப்படியே வற்றியது.

சுகந்தியின் வாய் மட்டும் சுத்தமாக இருந்தது.

அதன் கதை இது. பட்டுவின் வாயில் உட்கார்ந்த செள்ளைப் பூச்சி மருந்து அடித்து விரட்ட முடியாது, செள்ளைக் கொல்லுகிற மருந்து சிலந்தியையும் கொன்றுவிடும். சபாபதி கொட்டகைக்கு அடிக்கும் மருந்தில் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார், பழனியம்மாள் வேப்பெண்ணெய் கொடுத்தாள், யாரோ புகையிலைக் கஷாயம் என்றார்கள். எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றையும் தொடாமல், சுகந்தி ஓவியம் தீட்டுகிற பொடிப் பிரஷ் ஒன்றை வாங்கி, நுனியில் வாஸ்லின் களிம்பு தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். பட்டு அசையாமல் இருந்தது. அதே பிரஷ்ஷைக் கழுவி, மறுபடி வாஸ்லின் தொட்டு, கண்ணாடி முன் நின்று தன் கடைவாயையும் ஒற்றினாள். நாள் தவறாமல் எழுந்ததும் முதல் வேலை அதுதான். அவள் வாயில் மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தது.

ஆனால் குடியிருப்பு கண்டது சுத்தமான வாயை. பதினொரு வருஷம் தப்பில்லாத பதிவேடு, இப்போது ஒரு செள்ளில்லாத வாய். சிலந்திதான் செள்ளைக் கொண்டுவந்தது, டப்பாவோடு கொளுத்துங்கள் என்று கிளம்பிய கூட்டம் அவள் வாசலில் வந்து நின்றது. கதவைத் திறந்த அவள் உதட்டைப் பார்த்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, இந்தம்மா வீட்டிலிருந்து வந்திருக்காது என்று திரும்பிப் போய்விட்டது. பிறகு வாயை ஒற்றிவிடச் சொல்லி அவளிடமே வர ஆரம்பித்தார்கள். ஒற்றினால் அரைநாள் தாங்கும், சொன்னால்தான் போகும் என்று அவள் சொல்லுவாள். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக் காட்டியபடி, இரண்டு உதட்டுக்கும் நடுவில் பிரஷ் இருக்கும்போதே ரகசியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். மற்றவர்களுக்கு வழி சொல்லத் தெரிந்தவளுக்குத் தன் வழியில் நடக்கக் கால் வரவில்லை.

மிச்சமிருந்த சந்தேகமெல்லாம் ஒருவன் மேல் போய்ச் சேர்ந்தது. ஆறாம் கொட்டகையின் பொறுப்பாளன் வையாபுரி, முப்பத்தைந்து வயது, அதிர்ந்து பேசாத ஆள். பெஞ்சாதி மேகலா, மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் பிள்ளை ஒன்று. செத்தது அவன் கொட்டகைக் கோழி. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்குப் போய் வருகிறவன் அவன். எல்லாவற்றுக்கும் மேலே, அவன் வாயில் செள்ளு அப்பிக் கிடந்தது, இரண்டு உதடும் அரிசி மாவில் தோய்த்த மாதிரி. என்ன மறைக்கிறாய் என்று மேலாளர் கேட்டார், மேஸ்திரி கேட்டார், பெஞ்சாதியின் அண்ணன்கூட வந்து கேட்டான். ஒன்றுமில்லீங்க என்பான். அவன் ஒன்றுமில்லீங்க என்கிற ஒவ்வொரு தடவையும் இன்னும் நாலு செள்ளு ஏறும். கேட்டவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள்.

ஒரு சாயங்காலம் அவனும் சுகந்தியிடம் வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான், முகத்தைத் தூக்கவில்லை.

"எனக்கு ஒத்தி எடுக்க வேண்டாங்கக்கா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ. நான் கொட்டகையைக் கெடுத்துப் போட்டேன்னு நீங்களும் நெனைக்கிறீங்களா?"

"இல்லீங்க வையாபுரி."

"ஊர்ல எங்க வீட்ல ஒரு கோழி கெடையாதுங்க. அம்மா மேல சத்தியமா. வேற எதோ ஒண்ணு இருக்குது, அதைச் சொன்னா வேலை போயிரும், வீடும் போயிரும், புள்ளையை எங்க கொண்டுபோயி வெக்கறதுன்னு தெரியல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. நம்புங்கோ."

"நம்பறேனுங்க" என்றாள் சுகந்தி. கோழிகளின் சாவுக்கு அவன் பொறுப்பில்லை என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பது அவளுக்கு நெஞ்சில் குத்தியது. அவன் போன பிறகு வாயில் கை வைத்துப் பார்த்தாள். காலையில் ஒற்றி எடுத்த இடத்தில் மறுபடி ஊர்ந்துகொண்டிருந்தது.

பட்டு தின்னுவதை நிறுத்தியிருந்தது. வாய் அடைபட்ட சிலந்தி சுவர்க்கோழியை முகர்ந்துவிட்டு விலகிப் போகும். வயிறு சுருங்கி, கால்கள் உள்ளே மடங்க ஆரம்பித்தன. மண்ணை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் புது நார்த்தூளை வாணலியில் வறுத்து ஆறவைத்துப் போட்டாள், டப்பாவை வெந்நீரில் கழுவினாள், மிச்சத்தை உடனுக்குடன் எடுத்தாள், ஈரத்தைச் சோடா மூடிக்கு வெளியே ஒரு சொட்டு விடவில்லை. இதற்கு மேல் செய்வதற்கு எந்த வைத்தியமும் இல்லை, இப்படிச் செய்தால் செள்ளு நிற்க வேண்டும், ஆனால் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்தவள், தரையில் ஒரு வெள்ளைக் கோடு போவதைப் பார்த்தாள். டப்பாவிலிருந்து அவளை நோக்கி வருகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். குனிந்து பார்த்தால் கோடு அவள் தலையணையில் தொடங்கி, தரையில் இறங்கி, சுவரோரமாகப் போய், டப்பாவின் மேல் ஏறி, காற்றுத் துளை வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அவள் வாயிலிருந்துதான் பட்டுவின் வாய்க்குப் போகிறது. காயவைக்க வேண்டிய ஈரம் டப்பாவில் இல்லை. சொன்னால் வேலை போகும், வீடு போகும், எங்கே போவது என்று தெரியாது. சொல்லாவிட்டால் இந்த வாரத்துக்குள் பட்டு போய்விடும், வையாபுரியின் வீட்டுச் சாமான் தெருவுக்கு வந்துவிடும். சுகந்தி தலையணையை எடுத்து மூலையில் வீசிவிட்டு வெறுந்தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள்.

புதன்கிழமை மத்தியானம் முட்டை தரம் பிரிக்கும் கூடத்தில் எல்லோரும் கூட வேண்டும் என்று மேலாளர் உத்தரவு போட்டார். அங்கே, முட்டைக்குள்ளே ரத்தப்புள்ளி இருக்கிறதா என்று பார்க்கிற விளக்குமேடை உண்டு. முட்டைக்குப் பதிலாக அன்றைக்கு வாய்களைப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஒவ்வொருவராக வந்து விளக்கின் மேல் முகத்தைக் காட்ட வேண்டும். செள்ளிருந்தால் எதை மறைக்கிறோம் என்று அங்கேயே சொல்ல வேண்டும். உதிர்ந்தால் உண்மை, உதிராவிட்டால் பொய். பார்த்துச் சொல்கிற பொறுப்பு, வாய் சுத்தமான ஆள் என்பதால், சுகந்திக்கு.

அன்றைக்குக் காலையில் கண்ணாடி முன்னால் நின்றபோதே அவள் முடிவு செய்திருந்தாள், இன்று சொல்லிவிடுவது என்று. முடிவு செய்துகொண்டே, கை தன் பழக்கத்தில் பிரஷ்ஷை எடுத்தது, வாஸ்லின் தொட்டது, வலது கடைவாய், இடது கடைவாய், உதட்டு மடிப்பு என்று ஒன்று விடாமல் ஒற்றி எடுத்தது. இருநூறு பேர் முன்னால் அழுக்கு வாயோடு நின்று எப்படிப் பேசுவது என்றுதான் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. முகத்தைக் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கூடத்தில் வையாபுரியைத்தான் முதலில் அழைத்தார்கள். அவன் விளக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கீழிருந்து வெளிச்சம் பட்டதும் அவன் உதட்டில் ஊர்வது கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் தெரிந்தது, கூட்டம் முணுமுணுத்தது.

"பாருங்கம்மா, பாத்துச் சொல்லுங்க" என்றார் சபாபதி.

சுகந்தி அவனைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"சார், அவரை விட்டுருங்க. கோழி செத்ததுக்குக் காரணம் நான். அன்னைக்கு வந்த லோடுல ஒரு மாதிரிதான் பாத்தேன். மீதி அஞ்சும் பாக்காம எழுதிட்டேன். பின்னால போட்டுப் பாத்தா பதினேழரை ஈரம். பாட்டிலைச் சாக்கடையில ஊத்திட்டேன். பூஞ்சணம் புடிச்ச சோளத்தைத் தின்னுதான் அத்தனையும் செத்துச்சு. நான் எங்க வீட்டுச் சிலந்தி தோல் உரிக்கறதைப் பாக்க ஓடிட்டேனுங்க, சார்."

எல்லாக் கண்ணும் அவள் வாயைப் பார்த்தது. பழனியம்மாள் கிட்டத்தில் வந்து, இரண்டு கையையும் அவள் மோவாய்க்குக் கீழே ஏந்திக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் உதிரவில்லை. விளக்கில் முகத்தைக் காட்டச் சொன்னார்கள், காட்டினாள், பளிச்சென்று இருந்தது. ஏந்திய கையை விரித்துப் பார்த்த பழனியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு குடும்பம் தெருவுக்கு வரக் கூடாதுன்னு தன் தலையில இழுத்துப் போட்டுக்குது பாருங்க இந்தப் புள்ள" என்றாள்.

"இல்லீங்கக்கா, காலையில நான் ஒத்தி எடுத்துட்டேனுங்க! தெனமும் எடுப்பேன்! எனக்கும் வருமுங்க!"

"சுகந்தியம்மா, போதுமுங்க" என்றார் சபாபதி, அத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு கனிவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "உங்க மனசு எங்களுக்குத் தெரியாதா? பொய் சொல்லக்கூட உங்களுக்குத் தெரியல. உக்காருங்க."

அப்போது வையாபுரி அழுதான். தனக்காக ஒருத்தி இத்தனை பேர் முன்னால் தன் பேரையே தூக்கிக் கொடுக்கிறாளே, நான் மட்டும் மறைத்துக்கொண்டு நிற்பதா என்று அவனுக்கு மனசு தாளவில்லை.

"நான் சொல்லிடறேனுங்க. ஆறாம் கொட்டகையில அலகு கோணலா ஒரு கோழி இருந்துச்சு. ஆகாததைக் கறிக்குக் கழிச்சுக் கட்டற நாளுல அதைக் குடுக்க மனசு வரல. சட்டைக்குள்ள வெச்சு வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். ரெண்டு மாசமா குளியலறையில ட்ரம்முக்குப் பின்னால வெச்சிருக்கறேன். எம் புள்ள அதுக்குச் சோறு ஊட்டுதுங்க."

அவன் பேசப் பேச, விளக்கு வெளிச்சத்தில் இருநூறு பேரும் பார்க்கப் பார்க்க, அவன் உதட்டிலிருந்த அத்தனை செள்ளும் சரசரவென்று உதிர்ந்து விளக்குக் கண்ணாடியின் மேல் விழுந்து சிதறியது. அதைவிடப் பெரிய சாட்சி அந்தப் பண்ணைக்கு வேண்டியிருக்கவில்லை.

"வீட்டுல கோழி" என்றார் சபாபதி. "அங்கிருந்துதான் நோய்."

"சார், யோசிங்க!" என்று சுகந்தி கத்தினாள். "அதுவும் ஆறாம் கொட்டகைக் கோழிதானே? வீட்டுச் சோறு தின்னதுனாலதானே அது இன்னும் உயிரோட இருக்குது? நம்ம தீவனம் தின்னதுதானே செத்துச்சு?"

"நோயைச் சுமந்துட்டு வர்றது எப்பவும் சாகாதுங்கம்மா" என்று மேஸ்திரி அவளுக்கு விளக்கினார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். நாற்பது வருஷம் கோழியோடு இருப்பவர்களுக்கு அது தெரியாதா என்ன.

அன்றைக்குச் சாயங்காலமே பட்டுவின் டப்பாவில் செள்ளு இல்லை. வாய் திறந்திருந்தது. போட்ட சுவர்க்கோழியை ஒரே பாய்ச்சலில் பிடித்துக்கொண்டது. சுகந்தி பக்கத்தில் உட்கார்ந்து அது தின்பதைப் பார்த்தாள், ஆசையாக வளர்த்த அதன் மேலேயே அவளுக்கு ஒரு வெறுப்பு வந்தது. மறுநாள் விடிந்தபோது குடியிருப்பில் ஒரு வீட்டிலும் செள்ளு இல்லை. சொல்லாத பேச்சு இல்லாமலா போயிருக்கும், ஆனால் முதலில் ஊறிய இடம் காய்ந்துவிட்டது. குழாயடியில் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், அவன் போகிறான், பார், செள்ளும் போயிற்று என்று.

சுகந்தி பிரஷ்ஷைத் தொடவில்லை. கண்ணாடிக்கு வெகு கிட்டத்தில் முகத்தை வைத்து, உதட்டை இழுத்து, கடைவாயை விரித்து, ஒன்றே ஒன்றாவது இருக்காதா என்று தேடினாள். இருந்தால் ஓடிப் போய்க் காட்டலாம். இல்லை. சொல்லாமல் வைத்திருந்தது எதுவும் அவளிடம் மிச்சமில்லை.

வையாபுரி வீட்டு வாசலுக்கு டெம்போ வந்துவிட்டது. பீரோவும் கட்டிலும் ஏறிவிட்டன. மேகலா முன் சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடியிருப்பு முழுவதும் அவரவர் வாசலில் நின்று பார்த்தது, கிட்டத்தில் யாரும் வரவில்லை. சுகந்தி மட்டும் நேராக டெம்போவிடம் போனாள்.

"வையாபுரி, நான் சொன்னது நெசமுங்க. பதினேழரை. நாந்தான். நீங்களாவது நம்புங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். உதட்டைப் பார்த்தான், இடது கடைவாய், வலது கடைவாய். அவன் கண் நிறைந்துவிட்டது.

"சரிங்கக்கா" என்றான், வீம்பு பிடிக்கிற பிள்ளைக்குச் சொல்வது போல. "எங்கம்மாகூட எனக்காக இப்பிடி ஒரு பொய் சொல்லியிருக்காதுங்க." பிறகு டெம்போவுக்குப் பின்னால் நின்றிருந்த மகளைக் கூப்பிட்டான். "வா கண்ணு. அத்தை கால்ல விழுந்து கும்புட்டுக்க."

சுகந்தி காலைப் பின்னால் இழுத்தாள். அதற்குள் பிள்ளை விழுந்துவிட்டது.